கிணற்றடிக் கேள்வி

கேள்வி கேட்கத் தெரியும் என்ற நினைப்போடுதான் நான் ஆசிரியையானேன். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பயிற்சி பெற்ற காலத்தில் வேறு எதிலும் எனக்குப் பெரிய பெயர் கிடைக்கவில்லை. பாட்டு வராது. கைப்பணி வராது. கரும்பலகையில் எழுதினால் வரி மலையேறும். ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் என்னை மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார்கள்.

அங்கே எங்களுக்குச் சொல்லித்தந்த முறை எளிதானது. கேள்வியை முதலில் வகுப்பு முழுவதையும் பார்த்துக் கேட்க வேண்டும். பிறகு மனதுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அதன் பிறகுதான் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரை முதலே சொல்லிவிட்டால் மற்றப் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். எல்லாரும் சேர்ந்து கத்தும் பதிலை ஏற்கக்கூடாது. பிள்ளை தடுமாறினால் உடனே அடுத்த பிள்ளையிடம் தாவாமல், சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு அதே பிள்ளையைப் பதிலுக்குக் கொண்டுவர வேண்டும். இவ்வளவுதான். இதை நான் மனப்பாடமாக அல்ல, கைப்பழக்கமாகவே வைத்திருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடம். ஒரே நீள மண்டபத்தைத் தட்டிகளால் மறித்து ஐந்து வகுப்புகள் ஆக்கியிருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் செய்யுள் குழம்பும். எனக்கு ஐந்தாம் வகுப்பைத் தந்தார்கள்.

என் வகுப்பில் பின்பக்கம் வடக்கு மூலையில், சுவரோடு ஒட்டி ஒரு கட்டை வாங்கு கிடந்தது. மற்ற வாங்குகளை விட உயரம் குறைந்தது. அதில் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு பெண்கள், ஒரு பையன். காணி வைத்துப் பயிர் செய்யும் தோட்டக்காரர்களிடம் கூலி வேலை செய்த குடும்பங்களின் பிள்ளைகள். ஊரார் அவர்களைக் குறைந்த சாதி என்று சொன்னார்கள். நான் வருவதற்கு முதல் வருடம் வரை அவர்கள் நிலத்தில்தான் இருந்தார்களாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்ததும் தலைமை ஆசிரியர் தச்சனைக் கூப்பிட்டு இந்த வாங்கைச் செய்வித்து அந்த மூலையில் போடுவித்தாராம். கடிதத்துக்கும் பதில் சொன்னதாயிற்று, ஊருக்கும் மனம் நோகவில்லை.

இதை எனக்கு முதல் நாளே சொன்னார்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். நானும் ஒரு தோட்டக்காரரின் மகள். எங்கள் வீட்டிலும் இப்படித்தான். புதிதாகக் கேட்பதற்கு அதில் ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பத்து மாதம் கழிந்திருக்கும். புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்க்க, எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர்களில் ஒருவர் ஒரு நாள் காலையில் வந்தார். நடுத்தர வயதுப் பெண். என் கேள்வி கேட்கும் திறமையை முதலில் கண்டு சொன்னவர் அவர்தான். அவர் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, மடியில் ஒரு தாளை வைத்து ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்றைக்குப் பாடம் நிலத்தடி நீர். மாரி மழை எங்கே போகிறது, கற்பாறைக்குள் எப்படி இறங்குகிறது, கிணற்றில் எப்படி ஊறுகிறது என்று கேள்வியாலேயே பாடத்தைக் கொண்டுபோனேன். பிள்ளைகளும் நன்றாகப் பதில் சொன்னார்கள்.

இடைவேளைக்கு மணி அடித்ததும் அவர் அந்தத் தாளை என் மேசையில் வைத்தார். சதுரம் சதுரமாகக் கோடு போட்டிருந்தது. ஒவ்வொரு சதுரமும் ஒரு பிள்ளையின் இடம். நான் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவையும் அந்தச் சதுரத்துக்குள் ஒரு சரி போட்டிருந்தார். முன் வாங்குகளில் சரிகள் நெருக்கமாகக் கிடந்தன. நடுவிலும் பரவாயில்லை. வடக்கு மூலையில் மூன்று சதுரங்கள் வெறுமையாக இருந்தன.

"இந்த மூலையிலை பிள்ளையள் இல்லையோ?" என்று கேட்டார். இருந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"இருக்கினம் மிஸ். அதுகள் கொஞ்சம் மெதுவான பிள்ளையள்."

"மெதுவெண்டு உமக்கு என்னெண்டு தெரியும்? நீர் கேக்கவே இல்லையே."

எனக்கு முகம் சுட்டது. அவர் தாளை என்னிடமே விட்டுவிட்டார். தலைமை ஆசிரியரின் அறையில் தேநீர் குடித்துவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அதன் பிறகு நடந்தவற்றைப் பார்க்க அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

அன்று பின்னேரம் பஸ்ஸில் இருந்தபடி நான் மனதுக்குள் அந்த வருடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அந்த மூன்று பேரில் எவருடைய குரலும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. காலையில் இடாப்பு வாசிக்கும்போது "ஓம் ரீச்சர்" என்று சொல்வார்கள். அது மட்டும்தான். அவர்களுடைய கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன். மூத்த பெண்ணின் எழுத்து வகுப்பிலேயே அழகானது. கணக்கும் பிழை வராது. அதையெல்லாம் சிவப்பு மையால் சரி போட்டுக் கொடுத்தவள் நான். அப்படியும் மெதுவான பிள்ளைகள் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் நான் அவசரப்பட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதைவிட, அந்த வெறும் சதுரத்தில் ஒரு சரி விழ வேண்டும் என்ற எண்ணமே அப்போது எனக்கு முன்னுக்கு நின்றது.

நிலத்தடி நீர்ப் பாடத்துக்காகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். பள்ளிக்கூடக் கிணற்றின் உட்சுவர் வெள்ளைக்கல்லால் வரிசை வரிசையாகக் கட்டியது. ஒவ்வொரு நாளும் காலையில் எட்டிப் பார்த்து, மேலிருந்து எத்தனையாம் வரிசையில் தண்ணீர் நிற்கிறது என்று எண்ணிவர வேண்டும். மழை தொடங்கிய நாளிலிருந்து கரும்பலகையின் ஓரத்தில் நாங்கள் ஓர் அட்டவணை எழுதிக்கொண்டு வந்தோம். பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து என்று தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி.

மறுநாள் பாடம் தொடங்கியதும் வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். "இண்டைக்கு எத்தினையாம் வரிசையிலை தண்ணி நிக்குது?"

கைகள் உயர்ந்தன. மனதுக்குள் ஐந்து எண்ணினேன். பிறகு மூலை வாங்கில் இருந்த மூத்த பெண்ணின் பெயரைச் சொன்னேன்.

உயர்ந்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. அவள் எழுந்து நின்றாள். பத்து வயதுதான் இருக்கும். மெலிந்த பிள்ளை. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைப் பின்னல். கையில் பென்சிலைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள்.

"பயப்பிடாமல் சொல்லு. காலமை பாத்தனியோ?"

"இல்லை ரீச்சர்."

"ஏன் பாக்கேல்லை? எல்லாரையும் பாக்கச் சொன்னனான் எல்லோ?"

இந்த இடத்தில் நான் விட்டிருக்கலாம். ஆனால் பிள்ளை தடுமாறினால் தாவக்கூடாது, அதே பிள்ளையைப் பதிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்று படித்திருந்தேனே. "நேற்றாவது பாத்தனியோ? அதுக்கு முதல் நாள்?" என்று நான் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன்.

அவள் மெல்லச் சொன்னாள்: "நாங்கள் கிணத்தடிக்குப் போகக்கூடாது ரீச்சர்."

முன் வாங்கில் யாரோ சிரித்தார்கள். ஏளனமாக அல்ல. ரீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பது போன்ற ஒரு சிரிப்பு.

எனக்குத் தெரியாததா? இடைவேளையில் அந்த மூன்று பிள்ளைகளும் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி நிற்பார்கள். பெரிய வகுப்புப் பிள்ளை ஒன்று வாளியோடு வந்து, அவர்கள் குவித்து நீட்டும் கைகளில் தண்ணீரை வார்க்கும். அந்த வருடம் முழுதும் ஒவ்வொரு நாளும் நான் பார்த்த காட்சி. பார்த்துக்கொண்டேதான், எல்லாரும் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் என்ற சொல்லுக்குள் அவர்கள் மூவரும் என் மனதில் இருக்கவே இல்லை.

நான் பின்னால் நடந்து போய் அவளுடைய கையைப் பிடித்தேன். அதுவரை அவளை நான் தொட்டதில்லை. கை குளிர்ந்திருந்தது.

"வா, இப்ப பாப்பம்."

அவள் மறுக்கவில்லை. விரும்பி வந்தாள் என்றும் சொல்ல முடியாது. வகுப்பு முழுதும் எங்களுக்குப் பின்னால் வந்தது. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். நான் அவளுடைய முதுகில் கை வைத்தேன். அவள் இரண்டு கைகளையும் கட்டில் ஊன்றி மெல்லக் குனிந்து உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவு கிட்டவோ ரீச்சர் தண்ணி?" என்றாள்.

தண்ணீர் எங்கோ பாதாளத்தில் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். பிறகு எண்ணிச் சொன்னாள், ஏழாம் வரிசை என்று. சரியான பதில். "கெட்டிக்காரி" என்று சொல்லி அட்டவணையில் அவளைக்கொண்டே ஏழு என்று எழுதுவித்தேன். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. அவளுடைய முகத்தில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் கிணற்றடிக்கு வராமல் வகுப்பிலேயே இருந்ததையும் திரும்பி வந்த பிறகுதான் கண்டேன்.

மறுநாள் நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே கிணற்றடியில் ஆள் சத்தம் கேட்டது. இரண்டு பேர் துலாவில் ஏறி மிதிக்க, ஒருவர் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கிணற்றை இறைக்கிறார்கள். வெளியே போன தண்ணீர் முற்றத்தைச் சேறாக்கி வெளியே ஒழுங்கைவரை ஓடியது. ஊரில் மதிப்பான நாலைந்து பேர் குடை பிடித்தபடி ஓரமாக நின்றார்கள். என்னைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. மூலை வாங்கில் எவரும் இல்லை.

தலைமை ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பிள்ளைகளை அடிக்க மாட்டார். வேலையிலிருந்து இளைப்பாறுவதற்கு ஒன்றரை வருடம் இருந்தது.

"இரும் பிள்ளை," என்றார். நான் இருந்தேன்.

"நீர் நல்லது செய்யிறன் எண்டுதான் செய்தனீர். எனக்கு விளங்குது."

"பிழை என்ன சேர்? பாடத்துக்காகத்தானே காட்டினனான்."

"பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் நாளைக்கு உமக்கு மாற்றம் வரும். நீர் பஸ்ஸிலை ஏறிப் போயிடுவீர். எனக்குப் பென்சன் வரும், நானும் போயிடுவன். அதுகள் எங்கை போறது?"

பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் அந்த ஐந்து எண்ணுகிற நேரத்தை அவரும் எனக்குத் தந்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, "போய் வகுப்பைப் பாரும்," என்றார்.

பள்ளி விட்டபோது அந்தப் பெண்ணின் தகப்பன் தெருவோரத்து வேம்பின் கீழ் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் என்னை ரீச்சர் என்றாள். அவர் என்னை நாச்சியார் என்றுதான் கூப்பிட்டார். எங்கள் வீட்டுப் பெண்களை அவர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்பது வழக்கம். நான் அவருடைய மகளைவிடச் சில வயது மூத்தவள், அவ்வளவே.

"நாச்சியார், பிள்ளையை இனிப் பள்ளிக்கூடம் அனுப்பேல்லை."

"ஏன்? ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"தோட்டத்துப் பக்கம் வரவேண்டாமெண்டு சொல்லிப் போட்டினம். குடியிருக்கிற காணியும் அவையின்ரைதானே."

"நான் போய்க் கதைக்கிறன். பிள்ளையிலை பிழை இல்லை. நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

"அது எல்லாருக்கும் தெரியும்," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கு அவருக்கு வழி இருக்கவில்லை என்று இப்போது சொல்லுவேன். நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "நாச்சியார் அவளிட்டை ஏன் கேட்டியள்? இத்தினை பிள்ளையள் இருக்குதுகள். அவளைக் கேக்காமல் விட்டிருக்கலாம்."

அவர் துண்டை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு மழைக்குள் நடந்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது எங்கள் தோட்டத்தில் களை பிடுங்கிய பெண் ஒருத்தி கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு குடத்தோடு குந்தியிருந்தாள். எங்கள் வீட்டு ஆள் எவராவது வந்து அள்ளி ஊற்றும்வரை அவள் அப்படித்தான் இருக்க வேண்டும். நான் சேலையைக்கூட மாற்றாமல் போய்த் தண்ணீர் அள்ளி அவளுடைய குடத்தில் ஊற்றினேன், எப்போதும் ஊற்றுவது போல, குடத்தில் வாளி முட்டாமல். ஊற்றி முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. நீயே அள்ளு என்று சொல்லியிருக்கலாம். யாரோ ஒருவருடைய கிணற்றில் யாரோ ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போக எனக்குத் துணிவு வந்தது. எங்கள் கிணற்றில் வரவில்லை.

வீட்டில் என் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிவரை கேட்டார்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "அந்த ஊர்ப் பெரியாக்களோடை எங்களுக்குக் குடுக்கல் வாங்கல் இருக்கு. இந்த வெங்காயத்தைச் சந்தைக்கு ஆர் ஏத்திக் குடுக்கிறது? நீ ஒண்டும் கதைக்கப் போகவேண்டாம்."

நான் ஊர்ப் பெரியவர்களோடு கதைக்கப் போகவில்லை. கல்விக் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். நடந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதி, உறையில் போட்டு, என் மேசை லாச்சியில் வைத்தேன். திங்கட்கிழமை போடலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை வந்தபோது வெள்ளிக்கிழமை என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தை நான் போடவே இல்லை.

ஒரு கிழமைக்குள் வகுப்பு நிரம்பிவிட்டது. மற்ற இரண்டு பிள்ளைகளும் திரும்பி வந்து மூலையில் இருந்தார்கள். நான் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களும் நான் கேட்கக்கூடாது என்பது போலத் தலையைக் குனிந்தே இருந்தார்கள். கரும்பலகையின் ஓரத்தில் அவள் எழுதிய ஏழு சில நாள் இருந்தது. அதற்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை. இறைத்த கிணற்றில் பிறகு நீர்மட்டம் பார்ப்பதில் பொருள் இருக்கவில்லை. யாரோ துடைத்துவிட்டார்கள்.

அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். தவணை முடிவில் எனக்கும் மாற்றம் வந்தது. தலைமை ஆசிரியர் சொன்னபடியே நான் பஸ்ஸில் ஏறிப் போனேன்.

வடகரைப் பக்கம் கடற்றொழிலாளர் ஊர் ஒன்றில் ஏழெட்டு வருடம் படிப்பித்தேன். அந்த வருடங்களில் நான் வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டதில்லை. பாடத்தைச் சொல்வேன், எழுதிப்போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். வகுப்பைப் பார்வையிட வித்தியாதரிசிமார் வந்தால் வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று நல்ல குறிப்பு எழுதிவிட்டுப் போவார்கள். அங்கே தனி வாங்கு எதுவும் இல்லை; கேட்டிருந்தால் ஒருவருக்கும் கேடு வந்திராது. ஆனாலும் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி எழுப்பும்போதெல்லாம், பின்னால் திரும்பிய அந்தத் தலைகள் கண்ணுக்கு வரும். பதிலையும் நானே சொல்லிவிடுவேன். கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், கரும்பலகைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வேலையைக் கழித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கிட்டிய ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வருடத் தொடக்கத்தில் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வேலையில் என்னையும் ஒரு மேசையில் இருத்தியிருந்தார்கள். ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். முப்பது வயதாகியிருக்காது. துப்புரவான நைலெக்ஸ் சேலை. மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. படிவத்தை நிரப்பிக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டேன்.

"தாய் எத்தினையாம் வகுப்பு மட்டும் படிச்சனீங்கள்?"

"அஞ்சு. முடிக்கேல்லை."

"எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"உங்களிட்டைத்தான் ரீச்சர்," என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். முகம் எனக்குப் பிடிபடவில்லை. குரல்தான் பிடிபட்டது, அதுவும் நான் அதிகம் கேட்டிராத குரல். கையிலிருந்த பேனையை வைத்துவிட்டேன்.

"அப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

"அவர் இல்லை. காங்கேசன்துறைப் பக்கம் கல்லுடைக்கப் போனவர். நெஞ்சு வருத்தம் வந்து மூண்டு வருசம் கிடந்தவர். நானும் அம்மாவும்தான் வேலைக்குப் போய்ப் பாத்தனாங்கள்."

எத்தனை வயதில் வேலைக்குப் போனாய் என்று நான் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கே முடியும். இப்போது தையல் வேலை செய்வதாகவும் கணவர் பஸ் கொண்டக்டர் என்றும் சொன்னாள். பக்கத்தில் நின்ற மகள் என் மேசையில் கிடந்த மை ஒற்றியை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"உந்தக் கதை இப்ப வேண்டாம் ரீச்சர். பிள்ளை நிக்குது."

படிவத்தை முடித்துக் கையெழுத்து வாங்கினேன். மகளுடைய வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை என்று சொன்னபோது அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு மகளை வெளியே விறாந்தையில் போய் நிற்கச் சொல்லிவிட்டு, மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"ஒரு உதவி செய்யவேணும். அவளிட்டைக் கேள்வி ஒண்டும் கேக்காதேங்கோ. படிப்பிச்சால் காணும். அவள் எழுதிக் காட்டுவாள்."

"இப்ப அந்தக் காலம் இல்லையே. இஞ்சை எல்லாப் பிள்ளையளும் ஒரு கிணத்திலைதான் குடிக்குதுகள்."

"ஓம், கண்டனான். எண்டாலும் கேக்காதேங்கோ."

சரி என்று சொன்னேன். அவளிடம் நான் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும்?

முதலாம் தவணை முழுதும் சொல்லைக் காப்பாற்றினேன். அந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான் நான் மெல்ல மெல்ல மறுபடி கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தேன். அவளுடைய பெண் இரண்டாவது வாங்கில், எனக்கு நேரே இருந்தாள். துடியான பிள்ளை. கேள்வி கேட்டு முடிக்குமுன் கையைத் தூக்கிவிடுவாள். நான் அவளைத் தாண்டிப் பின்னால் பார்ப்பேன், பக்கத்துப் பிள்ளையைக் கேட்பேன். அவளுடைய கை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு இறங்கும். நாள் போகப்போக அவள் கையை முழுதாகத் தூக்காமல் தோள் மட்டத்தில் வைத்திருக்கப் பழகினாள். தவணை முடிவில் அதுவும் நின்றுவிட்டது.

இரண்டாம் தவணையில் ஒரு நாள் கொப்பி திருத்தக் கொண்டுவந்தபோது அவளே கேட்டாள்: "ரீச்சர் ஏன் என்னை ஒரு நாளும் கேக்கிறேல்லை? எனக்குத் தெரியாதெண்டோ?"

"இல்லையம்மா. உமக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்?"

நான் கொப்பியைத் திருத்துவது போலக் குனிந்துகொண்டேன். வெறும் சதுரம் ஒன்றை நானே மறுபடி உண்டாக்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. இந்த முறை தாய் கேட்டுக்கொண்டபடி, தெரிந்துகொண்டே. பிள்ளைக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்? தாயிடம் ஆள் அனுப்பிக் கதைக்கலாம் என்று நினைத்தேன். அவள் வேண்டாம் என்று சொன்னால் பிறகு கேட்கவே முடியாது என்ற பயத்தில் அனுப்பவில்லை.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையைக் கேட்டேன். பெரிய கேள்வி ஒன்றும் இல்லை. இலை ஏன் பச்சையாக இருக்கிறது, வெயில் படாத இடத்துப் புல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். எழுந்து நின்றாள். கல்லுக்கு அடியில் கிடந்த புல்லைத் தான் கண்டிருப்பதாகவும் அது மஞ்சளாக, நூல் மாதிரி இருந்ததாகவும் சொன்னாள். ஒரு தலையும் திரும்பவில்லை. எல்லாரும் தங்கள் பாட்டுக்கு இருந்தார்கள். அவளும் பதிலைச் சொல்லிவிட்டுச் சாதாரணமாக இருந்தாள். அதன் பிறகு மற்றப் பிள்ளைகளைக் கேட்பது போல அவளையும் கேட்டேன். சில நாள் சரியாகச் சொல்வாள், சில நாள் பிழைவிடுவாள். பிழைவிட்டால் சிரிப்பாள்.

வருட முடிவு நெருங்கியபோது அவள் பள்ளியை விட்டு விலகினாள். நான் வகுப்பில் இருந்த நேரம் தாய் வந்து விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள் என்று கந்தோரில் இருந்த கிளாக்கர் சொன்னார். எனக்கு ஏதும் சொல்லிவிட்டுப் போனாளா என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். அவசரமாகப் போனவ."

கணவருக்கு வேலை இடம் மாறியிருக்கலாம். கொண்டக்டர்மார் அடிக்கடி டிப்போ மாறுவார்கள். அல்லது பிள்ளை வீட்டில் போய், ரீச்சர் என்னைக் கேள்வி கேட்டவ என்று சந்தோசமாகச் சொல்லியிருக்கலாம். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. விசாரித்து அறிந்திருக்கலாம், முகவரி படிவத்தில் இருந்தது. நான் விசாரிக்கவில்லை. மறுநாள் இடாப்பில் அவளுடைய பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்டு, விலகிய திகதியை எழுதி, அடுத்த பெயரை வாசித்தேன்.